சுருள் கல்லின் கடைசி அறை

"பெரியம்மா, இது எந்த ரூம்ல தூங்கும்?"

தங்கை மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி. அறுத்து மெருகேற்றிய அம்மோனைட் ஒன்றை மடியில் வைத்து, சுருளுக்குள் வரிசையாக இருந்த குட்டி அறைகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். பல கோடி வருடங்களுக்கு முன் கல்லாகிப்போன கடல் உயிர் அது. உடம்பு வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் சுவர் எழுப்பி மூடிக்கொண்டே போகும். கடைசி அறையில் மட்டும்தான் குடியிருப்பு. பெரியம்மா அப்படித்தான் சொன்னாள்.

பதினேழு வருடமாக அவளுக்கு இதுவே தொழில். கல்லை அறுத்து, தேய்த்து, முத்துப்போல ஒளி வந்ததும் கறுப்புப் பலகையில் பதித்துக் கண்ணாடிச் சட்டம் போடுவாள். பெரிய மனிதர்களின் வரவேற்பறைச் சுவருக்குப் போகும். வீடு அவள் கணவர் தன் கையால் கட்டியது. முன்னறை, பட்டறை, படுக்கையறை, சமையலறை என்று ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அறைகள். அவர் போய் மூன்று வருடம். படுக்கையறை ஆணியில் அவருடைய நீலச்சட்டை இன்னும் தொங்குகிறது. அவள் மட்டும் கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள்.

அன்று காலை தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, டாக்டரம்மா கிளினிக்குக்கு அந்தப் பெரிய கல்லு நாளைக்கே வேணுமாம்."

"கல்லு கோடி வருஷம் காத்துக் கெடந்துச்சு. உங்க டாக்டரம்மாவுக்கு ஒருநாள் பொறுக்காதாக்கும்."

"முடிஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லு."

"முடிஞ்சுது. காயணும்."

"முடிச்சதும் இங்க வந்துடேன். நாலு ரூமுக்கு ஒத்தை ஆளா காவல் காத்து என்னத்தைக் கண்ட?"

"இந்த வீட்டை விட்டு நான் எங்கயும் வரலடி. அவரை விட்டுட்டு வர்ற மாதிரி இருக்கும்."

கல் முடிந்த விதத்தை அவள் சொல்லவில்லை. பெரிய கல்லின் கடைசி அறை நொறுங்கிப்போயிருந்தது. பெட்டியில் கிடந்த இன்னொரு சின்னச் சுருளின் கடைசி அறை பழுதில்லாமல் இருந்தது. முந்தின நாள் அதை அறுத்தெடுத்து, பொருந்தும்படி இரண்டு விரற்கடை தேய்த்து, பசையும் கல்பொடியும் வைத்து ஒட்டிவிட்டாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கடைசி அறை போய் வாயில்லாமல் நின்ற சின்னச் சுருளைக் கழிவு வாளியில் போட்டபோது அது ஈரமாக இருந்ததை அறுப்பு மெஷின் தண்ணீர் என்றே நினைத்தாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. தேநீர்க் கோப்பையைக் கழுவ அடுப்பிலிருந்து குழாய்க்கு நடந்தாள். கண்ணை மூடிக்கொண்டும் நடக்கிற நாலடி தூரம் அது. மூன்றாவது அடியில் விரல் முட்டி சுவரில் இடித்தது. சுவர் குளிர்ந்து, வழுவழுவென்று, லேசாக ஈரத்தோடு இருந்தது. கடலே இல்லாத அந்த ஊரில், மழை வாசனைக்கு அடியில், பாசியும் உப்பும் கலந்த ஒரு பழைய வாசனை எழுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

வயசாகிறது என்று சொல்லிக்கொண்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். போன் அடித்தது.

"அக்கா, போன்ல பேசும்போதாவது தேய்க்கிறதை நிறுத்தேன். காது கூசுது."

ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கை மடியில் இருந்தது.

"நான் தேய்க்கலடி," என்றாள்.

எழுந்து உள்ளே போய்ப் பார்த்தபோது சமையலறை இல்லை. வாசற்படி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர், வெளிச்சம் பட்டால் பச்சையும் சிவப்பும் ஓடுகிற வெள்ளை. அதன் ஓரம் இலை விளிம்பு மாதிரி மடிந்து மடிந்து பக்கச்சுவரில் தைத்திருந்தது. கல்லின் அறைச்சுவர்களில் தினமும் பார்க்கிற அந்த மடிப்பு அவளுக்கு அத்துப்படி. தட்டினாள். நீர் நிறைந்த குடத்தின் சத்தம்.

பட்டறைக்கு ஓடினாள். பசை இளகச் சூடு காட்டி, பெரிய கல்லிலிருந்து அந்த அறையைப் பிரித்தெடுத்தாள். வாளியிலிருந்து சின்னச் சுருளை எடுத்து, அறுத்த இடத்தில் அந்த அறையைப் பொருத்திப் பார்த்தாள். சேரவில்லை. தேய்த்த இரண்டு விரற்கடை பொடியாகிச் சாக்கடையில் போயிருந்தது. திருப்பிப் பிடித்தாள். அழுத்தினாள். சேரவில்லை.

தங்கை போனில் கேட்ட அந்த உரசல் நின்றது. நிமிர்ந்தாள்.

படுக்கையறை மூடியிருந்தது. நீலச்சட்டை உள்ளே.

சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னறைக்குப் பின்வாங்கினாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பட்டறையும் இல்லை. வெள்ளை. மிச்சம் கட்டில், நாற்காலி, தெருக்கதவு.

கதவு திறந்தேதான் இருந்தது. மூன்றடி தூரம்.

அப்போதுதான் உறைத்தது. சுவர் எழுப்புகிற உயிர் சுவருக்குப் பின்னால் இருக்காது.

இந்தப் பக்கம் இருக்கும்.

அவளோடு.

கட்டிலுக்கு அடியில் நீர் சொட்டியது. எதுவோ மூச்சு வாங்கியது. கோபமான மூச்சு இல்லை. பிள்ளை அழுது ஓய்ந்தபின் விடுகிற மூச்சு. ஓடினால் ஓடிவிடலாம். கையிலிருந்த சுருளைக் குனிந்து பார்த்தாள்.

"இறைவா," என்றாள். "தெரியாம செஞ்சேன்னு சொல்ல மாட்டேன்."

சுருளைத் தன் தலையணையில் வைத்தாள். போர்வையை இழுத்து மூடினாள். கணவர் கட்டிய சுவரை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கட்டிலில் வைத்தாள்.

"இருந்துக்கோ," என்றாள்.

வாசலுக்கு வந்தாள். மழை. தெருவில் ஒருவரும் இல்லை. கதவை மெல்லச் சாத்தினாள். சாத்துமுன் இடுக்கு வழியே ஒருமுறை பார்த்தாள்.

போர்வை நிரம்பிக்கொண்டிருந்தது. தலையணையிலிருந்து கால்மாடு வரை, பிறகு கட்டிலைத் தாண்டி, தரை வரை. ஓரத்திலிருந்து ஈரமான மெல்லிய விரல்கள் வெளியே வந்தன. ஐந்து, பத்து, அதற்கும் மேல். போர்வை நுனியைத் தேடிப் பிடித்து, குளிருகிறவர்கள் செய்வதுபோல, கழுத்துவரை இழுத்துக்கொண்டன.