வைக்கோல் போரின் அடியில் வெயில்

1994 ஆகஸ்ட் 12. காலை 7.10. குன்னத்துகால்.

சத்தியபாய் டீச்சர் வீட்டு முன்னறைச் சுவரில் சட்டம் மட்டும் தொங்கியது. உள்ளே இருந்த படத்தை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் வரைந்த சதுப்பு நிலப் படம். டீச்சரின் தாத்தாவுக்கு ஒரு பாதிரியார் கொடுத்தது.

9.30. வீட்டு வேலை செய்யும் விலாசினியின் ஆட்டுக்கொட்டிலில் சுருட்டிய படம் கிடைத்தது. கண்டெடுத்தவன் டீச்சரின் அண்ணன் மகன் ரெஜித். பாறசாலையில் போர்டு எழுதுகிறவன், முந்தின நாள் விருந்துக்கு வந்தவன். பத்து மணிக்குள் ஊரே விலாசினியைக் கள்ளி என்றது. ஒருவருக்கும் நாக்குக் கூசவில்லை.

10.15. ஹெட் கான்ஸ்டபிள் பிரேமகுமாரி வந்தாள். முற்றத்தில் நின்ற ரெஜித்தின் பைக்கில் நீளமான பிவிசி குழாய் கட்டியிருந்தது.

"அது என்னது?"

"பேனர் சுருட்டி வைக்கதுக்காக்கும், மேடம்."

கொட்டிலில் கிடைத்த சுருளை அவள் உடனே பிரிக்கவில்லை.

"டீச்சர், படத்தில என்ன உண்டு?"

"எனக்குக் கண்ணில புரை. மஞ்சளா தெரியும், அவ்வளவுதான். அந்தக் கள்ளியைக் கேளுங்க."

விலாசினி முற்றத்து ஓரத்தில் நின்றாள். வாசலில் ஜீப். அதில் ஏறிவிட்டால் பிறகு எந்த வீட்டிலும் அவளைப் படியேற்ற மாட்டார்கள்.

"நான் எடுக்கல்ல மேடம். எனக்க பிள்ளைக்க மேல ஆணை."

"படத்தைச் சொல்லுங்க அக்கா."

"தண்ணி நிக்கிற நிலம். அதில வைக்கோல் போரு. நாலஞ்சு குத்துக்காலுக்க மேல இருக்கும். அடியில கூடி வெயில் நுழைஞ்சு அங்கோட்டு தண்ணியில விழும். அதுக்கும் அப்புறந்தான் நிழலு."

பிரேமகுமாரி சுருளைப் பிரித்தாள். வைக்கோல் போர் தரையில் அப்பி உட்கார்ந்திருந்தது. உச்சியில் நடுக்கம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கறுத்த நிழல் போரின் காலடியிலேயே தொடங்கியது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"எலே ரெஜித்து, இது அமெரிக்காப் போரா, குன்னத்துகால் போரா?"

அவன் பைக் பக்கம் நகர்ந்தான்.

"அங்க கடல் ஏத்தத்தில நிலத்தில தண்ணி ஏறும். தரையில போட்டா வைக்கோல் அழுகும். அதுக்காக்கும் குத்துக்கால். நீ அசலை அறுக்கதுக்கு முந்தியே போலி வரைஞ்சு வச்சாச்சு. போலி இங்க கிடைச்சா அசலை யாரும் தேடமாட்டாங்க. பழி இவளுக்கு. குழாயைத் திற!"

குழாயிலிருந்து அசல் வந்தது. போரின் அடியில் ஒரு கீற்று வெயில் பளிச்சென்று இருந்தது.

"போட்டோ பாத்து வரைஞ்சேன்," என்று முனகினான் ரெஜித். "அதில அடிப்பக்கம் இருட்டு. நம்ம ஊரு போரு மாதிரி போட்டேன்."

11.05. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"மனசில வைக்காத விலாசினி. போயி எல்லாருக்கும் சாயா போடு."

விலாசினி துடைக்கும் துணியை டீச்சரின் மடியில் எறிந்தாள்.

"பதினாலு வருஷம் நான் தொடைச்ச படம். அது உங்களுக்கு மங்கலா தெரியும். என்னைக் கள்ளியா மட்டும் நல்லாக் கண்டியளே! சாயா நீங்களே போடுங்க."