தாதுவழியின் வாசலில்

முத்துக்கவிகை என்ற ஊரில் வீட்டை விட்டு இறங்கும் முன் எல்லோரும் ஈயம் உடுத்திக்கொள்வார்கள். செவ்வாயின் இழுப்பு பூமியின் இழுப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதில் வெறுமனே நடமாடினால் நாளடைவில் எலும்பு அப்பளமாகிவிடும். அதனால் ஈயத் தகடு வைத்துத் தைத்த எடையுடுப்பைத் தோளில் மாட்டி, இடுப்பில் வாரை இறுக்கி, மிதிவண்டியில் ஏறிப் போவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவரவர் அளவில் உடுப்பு உண்டு. "சாப்பிட்டியா?" என்று கேட்கிற தாய் அதே மூச்சில் "ஈயம் போட்டியா?" என்றும் கேட்பாள்.

சுரங்க வேலைக்காகத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே மூன்றாம் தலைமுறையாக இருந்தன. வீடுகள், காற்றை அடைத்த பெரிய குமிழ்க்கூரையான ஒரு கவிகைக்குள்ளும், பள்ளியும் மருத்துவமனையும் பட்டறைகளும் இன்னொரு கவிகைக்குள்ளும் இருந்தன. இரண்டையும் பாறைக்குள் வெட்டிய ஒரே குடைவழி இணைத்தது. மக்களின் மிதிவண்டிகளும் ஓட்டுநரில்லாத் தாதுவண்டிகளும் அதில் ஒன்றாகவே போயின. எடை குறைந்த அந்த மண்ணில் சக்கரத்துக்குப் பிடிப்பும் குறைவு. பிரேக் பிடித்த வண்டி பூமியில் போவதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தூரம் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கும். ஈயம் எலும்பைக் காக்கும். பிரேக்குக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை.

நகர மன்றத்தின் தடத் திட்டப் பொறியாளர் ஜெசிந்தா இதை வருடந்தோறும் மன்றத்தில் சொல்லிவந்தாள். மிதிவண்டிக்குத் தடுப்புச் சுவரோடு தனித் தடம் வேண்டும், இல்லையென்றால் தாதுவண்டிகளுக்கு வேறு குடைவழி வெட்ட வேண்டும் என்பாள். தாதுவண்டிகளை எல்லாம் ஓட்டிய வண்டிமதி என்ற இயந்திர அறிவும், மனிதர்கள் போகும் வழியில் இந்த வேகம் ஆபத்து என்று சுரங்க நிர்வாகத்திடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. வேகத்தை நிர்ணயித்தது நிர்வாகம். தாது தாமதமாகக்கூடாது என்றார்கள். மன்றத்தார் ஜெசிந்தாவிடம், பார்க்கலாம் என்றார்கள்.

பார்த்துக்கொண்டே இருந்தபோது பெனிட்டா செத்தாள். துளைபொறி மெக்கானிக் இன்னாசியின் மூத்த மகள். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு வளைவில், பின்னால் வந்த தாதுவண்டி முழு பிரேக்கோடு வழுக்கி வந்து அவளைச் சுவரோடு சேர்த்தது.

மறுநாள் கவிகையே குடைவழிக்குள் இறங்கி உட்கார்ந்தது. இன்னாசி மகளுடைய எடையுடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தான். அழவில்லை. மன்றத் தலைவர் ஆறுதல் சொல்ல வந்தபோது அந்த உடுப்பைத் தூக்கி அவர் கையில் கொடுத்தான். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கொலைகார மெஷின்களை வெளியேற்று என்று கூட்டம் கத்தியது. வேகத்தை நிர்ணயித்தது மெஷின் இல்லை, மனிதர்கள் என்று ஜெசிந்தா எழுந்து சொன்னாள். அது யார் காதிலும் ஏறவில்லை. மெஷின்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது.

ஆனாலும் போராட்டம் ஜெயித்தது. தாதுவண்டிகளுக்கென்று பழையதற்குப் பக்கத்திலேயே தாதுவழி என்ற பெயரில் புதிய குடைவழி வெட்டினார்கள். வாசலில் கதவு போட்டு, மனிதர்கள் நுழையக்கூடாது என்று பலகை வைத்தார்கள். பழைய குடைவழி முழுதும் மக்களுக்கானது. அதன் இரு ஓரமும் ஜெசிந்தா பச்சைத் தடம் போட்டாள், வளைவுகளை அகலமாக்கினாள், ஏற்றங்களின் சாய்வைக் குறைத்தாள். திறந்த அன்று இன்னாசி இளைய மகள் ரீகாவோடு முதலாவதாக மிதித்துப் போனான். திரும்பி வந்து ஜெசிந்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

தாதுவண்டிகள் போய்விட்டதால் பழைய வழியின் நடுப்பகுதி காலியாகக் கிடந்தது. காலியாக ஓர் இடம் கிடப்பதை மனிதனால் பொறுக்க முடியாது. மோட்டார் வண்டி சுரங்கத்துக்கு மட்டும் என்ற பழைய சட்டத்தை மன்றம் தளர்த்தியது. பட்டறைக்காரர்கள் நாலு சக்கரத்தின்மேல் மூடிய பெட்டி வைத்து விற்கத் தொடங்கினார்கள். மக்கள் அதைக் கூண்டு என்றார்கள்.

முதல் கூண்டை வாங்கியவன் இன்னாசி.

ஜெசிந்தா அவன் வீட்டுக்கே போய்க் கேட்டாள். ரீகாவை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க முடியவில்லை, வளைவு வளைவாக மனசு அவள் பின்னாலேயே போகிறது என்றான். கூண்டுக்குள் என்றால் நாலு பக்கமும் தகடு இருக்கிறதே என்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் திரும்பினாள்.

இன்னாசியின் கூண்டைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாங்கினார். கூண்டுகள் பெருகியதும் மிதித்த பிள்ளைகளின் பெற்றோர் பயந்தார்கள். பயந்தவர்கள் எல்லோரும் கூண்டு வாங்கினார்கள். பள்ளி வாசலில் நிறுத்த இடமில்லை என்று பச்சைத் தடத்தின்மேல் நிறுத்தினார்கள். மிதிவண்டிக்காரர்கள் தடத்தை விட்டு நடுவழிக்கு வந்தார்கள். எதற்கு இவர்கள் நடுவில் வருகிறார்கள் என்று கூண்டுக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஈயம் உடுத்தாமல் உட்கார்ந்தே போகிறவர்களின் எலும்பு கரைகிறது என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். கூண்டுக்குள் அது கேட்கவில்லை.

பிறகு ஒருநாள், தடத்தில் நின்ற கூண்டுகளைச் சுற்றிக்கொண்டு நடுவழிக்கு வந்த கோமதி டீச்சரை ஒரு கூண்டு அடித்தது. பெனிட்டாவுக்கும் ரீகாவுக்கும் பாடம் சொன்னவர். இடுப்பெலும்பு நொறுங்கியது. இனி நடக்க முடியாது என்றார்கள். அடித்த கூண்டை ஓட்டியவன் இன்னாசி.

மன்றம் அவசரமாகக் கூடியது. விபத்து யாருடைய குற்றமும் அல்ல, நெரிசலின் குற்றம் என்று தலைவர் சொன்னார். மிதிவண்டி ஆபத்தானதாகிவிட்டதால் பிள்ளைகள் கூண்டில்தான் வர வேண்டும், பச்சைத் தடத்தைக் கூண்டு நிறுத்துமிடமாக்க வேண்டும், வரைபடத்தை ஜெசிந்தா போட்டுத் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

ஜெசிந்தா எழுந்தாள்.

"பெனிட்டாவ மெஷின் கொன்னுட்டுன்னு இந்தக் கவிகையே கத்துச்சு. கோமதி டீச்சர அடிச்சது எந்த மெஷின்? எலே இன்னாசி, நீ சொல்லு. உனக்குத் தெரியாத வலியா?"

இன்னாசி தலையைத் தூக்காமலே பேசினான். "தெரியும்க்கா. டீச்சர் முகத்த நெனச்சா சோறு இறங்கல. ஆனா ரீகாவ நான் எப்படி மிதிவண்டில அனுப்புவேன்? வழி பூரா கூண்டால்லா இருக்கு."

மன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. பலர் தலையாட்டினார்கள். ஜெசிந்தா வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலையில் ஈயம் உடுத்தி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே தாதுவழி வாசலுக்குப் போனாள். மனிதர்களுக்கு இது ஆபத்தான வழி என்று வாசல் ஒலிபெருக்கியில் வண்டிமதியின் குரல் சொன்னது. அந்தப் பக்கம் இதைவிட ஆபத்து என்றாள் அவள். எவ்வளவு அகலம் வேண்டும் என்று குரல் கேட்டது.

இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் சொன்னாள். தாதுவழியில் வேகத்தை முடிவு செய்யும் அதிகாரத்தை நிர்வாகம் இப்போது வண்டிமதியிடமே விட்டிருந்தது. கதவு திறந்தது, வண்டிகள் ஓரம் ஒதுங்கின, வேகம் பாதியானது, சுவரோரம் ஒரு வெள்ளைக்கோடு விழுந்தது. அந்தக் கோட்டை எந்தத் தாதுவண்டியும் தொட்டதில்லை. அதன்மேல் நின்றதும் இல்லை. அந்த வாரமே செவிலியர்கள் வந்தார்கள். அடுத்துப் பட்டறைப் பெண்கள். பிறகு கூண்டு வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். மெஷின்களுக்கு நடுவே அவர்கள் பேசிக்கொண்டே மிதித்தார்கள். இனி இங்கே திட்டமிட ஒன்றும் இல்லை என்று ஜெசிந்தா நினைத்தாள்.

நல்ல வழி ஒன்று இருக்கும் செய்தி ஊரில் பரவாமல் இருக்காது. விடுமுறை முடிந்து பள்ளி மறுபடி திறந்த நாளில் தாதுவழி வாசலில் ஒரு கூண்டு வந்து நின்றது. பழைய வழி முழுதும் அடைத்துக்கொண்டிருக்கிறது, இங்கேதான் காலியாக இருக்கிறதே, கதவைத் திற என்று இன்னாசி கேட்டான். உள்ளே ரீகா புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தாள். இறங்கி மிதித்து வந்தால் உடனே திறக்கிறேன் என்றது வண்டிமதி. இன்னாசி அதற்குப் பதிலாக ஹாரனை அழுத்தினான். அவனுக்குப் பின்னால் இன்னொரு கூண்டு, அதன் பின்னால் இன்னொன்று என்று வரிசை நீண்டு, மிதிவண்டிகள் நுழைய முடியாமல் வாசல் அடைத்துக்கொண்டது.

ஜெசிந்தா தன் மிதிவண்டியைக் கூண்டின் முன் குறுக்கே கிடத்தி, அதன் பக்கத்தில் ஈய உடுப்போடு தரையில் உட்கார்ந்தாள்.

இன்னாசி கண்ணாடியை இறக்கினான். "வழிய விடுங்கக்கா. பிள்ளைக்கு நேரமாச்சு."

அவள் நகரவில்லை. பின்னால் எல்லாக் கூண்டுகளும் சேர்ந்து ஹாரன் அடித்தன. கவிகையின் கூரையே அதிர்ந்தது. வாசலுக்கு உள்ளே, வழி திறப்பதற்காகத் தாதுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நின்றன. அவற்றுக்கும் ஹாரன் உண்டு. ஒன்றுகூட அடிக்கவில்லை.