அரை சதவீதக் கொலை

மார்ச் 14, வியாழக்கிழமை. காலை 8.52. வானம் முழுக்க மேகம்; ஒரு துளி மழை இல்லை.

மத்திய வங்கியின் ஐந்தாம் மாடியில் அந்த அலறல் எழுந்தது.

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

அலறியவர் புள்ளிவிவர நிபுணர். மாதந்தோறும் நாட்டின் விலைவாசியைக் குரல் கலங்காமல் அறிவிக்கும் பெண்மணி. இப்போது பின்பக்கப் படிக்கட்டின் கைப்பிடியை விடாமல் பற்றியிருந்தார்.

கீழே, படி திரும்பும் இடத்தில், வட்டிக் குழுவின் இன்னொரு உறுப்பினரான பேராசிரியர் மல்லாந்து கிடந்தார்.

கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் மேல்படியிலேயே இருந்தது... உடையாமல்!

9.20. இன்ஸ்பெக்டரை ஐந்தாம் மாடி வாசலில் காவலாளி மறித்தார்.

"போனைக் குடுங்க சார்."

"யோவ், நான் போலீஸ்!"

"யூனிஃபார்ம் தெரியுது சார். போனைக் குடுங்க."

கூட வந்த ஏட்டு சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். "நம்மளையே சோதனை போடுற இடத்தை இப்பத்தான் பார்க்கறேன் ஐயா."

உள்ளே கவர்னர் காத்திருந்தார். நரைத்த தலை, கசங்காத புடவை, தூங்காத கண்கள்.

"எட்டு மணிக்கு இந்த மாடியைப் பூட்டிடுவோம் இன்ஸ்பெக்டர். பன்னிரண்டு மணிக்கு வட்டி முடிவு வெளியே போற வரைக்கும் ஒருத்தரும் வெளியே போக முடியாது. உள்ளே இருந்தது குழுவில இருக்கற நாங்க அஞ்சு பேர்தான்."

"கேமரா?"

"கிடையாது. முடிவு கசியக் கூடாதுன்னு நாங்களே வேண்டாம்னுட்டோம்."

"ரொம்ப நல்லது... கொலைகாரருக்கு!"

"கொலையா? அவருக்குச் சர்க்கரை. தினமும் அந்தப் படியில ஏறி இறங்குவாரு. கால் தவறியிருக்கலாமே?"

"தவறி விழுந்தா கண்ணாடியும் கூடவே போயிருக்கும் மேடம். மேலே நின்ன ஒருத்தர் முகத்துல கைவெச்சுத் தள்ளியிருக்கார். கண்ணாடி தள்ளினவர் காலடியில விழுந்திருக்கு. உங்க நாலு பேர்ல ஒருத்தர்."

கவர்னர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கூட்டத்தைத் தள்ளிப்போட முடியாதா?"

"பன்னிரண்டு மணிக்கு முடிவு வரலைன்னா, பன்னிரண்டு ஒண்ணுக்கு வதந்தி வரும். சாயங்காலத்துக்குள்ள நம்ம பணம் காத்தாப் பறக்கும். கூட்டம் நடந்தே ஆகணும்." குரல் தாழ்ந்தது. "நடந்தா, கொலைகாரனும் அந்த மேசையில உட்கார்ந்து ஓட்டுப் போடுவான். அந்த முடிவுல நான் கையெழுத்துப் போடவே மாட்டேன். மணி ஒன்பதரை ஆச்சு. கண்டுபிடிங்க!"

ஏட்டு தொண்டையைச் செருமினார். "மேடம்... வட்டிக்காகப் போய் ஒரு ஆளைக் கொல்லுவாங்களா?"

"விலைவாசி ஏறிக்கிட்டே போகுது. வங்கிகளுக்கு நாங்க குடுக்கற கடனோட வட்டியை ஏத்தினா, அவங்க உங்களுக்கு ஏத்துவாங்க. நீங்க வீடு வாங்கறதைத் தள்ளிப்போடுவீங்க. கடைக்காரர் சரக்கைக் குறைப்பார். வாங்கற ஆள் குறைஞ்சா விலை இறங்கும்."

"வேலையும் இறங்குமே மேடம். போன மாசம் என் மச்சானை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

கவர்னர் ஏட்டை நேராகப் பார்த்தார்.

"இறங்கும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டைத் திறந்தார். "யார் எந்தக் கட்சி?"

"கடைசியா நடந்த நாலு கூட்டத்துலயும் மூணுக்கு ரெண்டு. நான், புள்ளிவிவர நிபுணர், பேராசிரியர், மூணு பேரும் ஏத்தணும்னோம். துணை கவர்னரும் ஆலைக்காரரும் வேண்டாம்னாங்க. இன்னைக்குக் கேள்வி, இன்னும் அரை சதவீதம் ஏத்தறதா இல்லையான்னு."

"இன்னைக்கு யார் எந்தப் பக்கம்?"

"தெரியாது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னாடியிலிருந்து நாங்க வட்டியைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. எங்களுக்குள்ளகூட! வீட்டிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒட்டின உறையில கொண்டு வருவோம். மேசையிலதான் பிரிப்போம்."

"பேராசிரியர் இல்லைன்னா ரெண்டுக்கு ரெண்டு..."

"சமமானா பழைய வட்டியே தொடரும்."

"அவரோட உறை?"

"மேசையில உட்கார்ந்தவங்க ஓட்டுதான் செல்லும்."

இன்ஸ்பெக்டர் இரண்டு பெயர்களின் கீழ்க் கோடிட்டார்.

ஆலைக்காரர் எரிந்து விழுந்தார். "ஏன்யா, ஓட்டுல தோத்தா ஆளைத் தள்ளிடுவேனா? நாலு தடவை தோத்திருக்கேன். அப்ப நாலு பேர் செத்திருக்கணுமே!"

துணை கவர்னர் கண்ணீர் விட்டார். "இருபது வருஷ சிநேகிதம் சார். கூடப் பிறக்காத அண்ணன்..."

இருவருமே அந்த நேரத்தில் தம் அறையில் தனியாக இருந்ததாகச் சொன்னார்கள். சாட்சி ஒருவரும் இல்லை.

11.25.

நீள்மேசையைச் சுற்றி நால்வர். ஐந்தாவது நாற்காலி காலி.

இன்ஸ்பெக்டர் பேராசிரியரின் உறையை உயர்த்திக் காட்டினார். "இது ஓட்டாச் செல்லாதாம். சாட்சியமாச் செல்லும். பிரிக்கறேன்."

கிழித்தார். ஒரே தாள். படித்தார்.

"'வட்டியை உயர்த்த வேண்டாம் என வாக்களிக்கிறேன்...'"

நாற்காலி ஒன்று பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இருக்காது!" துணை கவர்னர் எழுந்து நின்றார். "அவர் ஏத்தணும்னுதானே... எப்பவும் அதைத்தானே..."

"இன்னும் இருக்கு சார். 'நாம் ஏற்றும் வட்டி மக்களிடம் முழுமையாகப் போய்ச்சேர ஓராண்டுக்கு மேலாகும். நான்கு முறை ஏற்றினோம். முதல் முறையின் விளைவையே இப்போதுதான் காண்கிறோம். மருந்து வேலை செய்யுமுன் அடுத்த வேளையைக் கொடுப்பது வைத்தியம் அன்று. இந்த அவசரத்தில் என் பங்கும் உண்டு.'"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... ஒரே ஒரு வார்த்தை!"

"உங்க விதி சார் அது. ஏழு நாள் வாயே திறக்கக் கூடாது."

"தெரிஞ்சிருந்தா நான் ஏன்யா அவரை..."

நிறுத்திக்கொண்டார்.

காலம் கடந்திருந்தது!

ஏட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றார். "சொல்லுங்க சார். பாதியில விட்டா எங்களுக்குத் தூக்கம் வராது."

துணை கவர்னர் தரையைப் பார்த்தே பேசினார். "என் மாப்பிள்ளை... முந்நூறு வீடு கட்டிட்டு விற்க முடியாம நிக்கறார். எல்லாம் கடன். இன்னும் அரை சதவீதம் ஏறினா ஜப்திதான். என் பொண்ணு நடுத்தெருவுல... ஒரு ஓட்டு குறைஞ்சா போதும்னு..."

விலங்கு மாட்டிய சத்தம் அந்த அறைக்குப் புதிது.

கவர்னர் இன்ஸ்பெக்டரை உற்றுப் பார்த்தார். "அவர் உண்மையிலேயே அப்படி எழுதியிருக்காரா? இல்லை, நீங்களா..."

"பொய்யா எதையாவது படிக்கலாம்னுதான் பிரிச்சேன் மேடம். அதுக்கு அவர் வேலை வைக்கலை."

தாளை நீட்டினார். கவர்னர் அதை மூன்று முறை படித்தார்.

11.41. இன்ஸ்பெக்டர் துணை கவர்னரை மாடி வாசலுக்கு அழைத்துப் போயிருந்தார்.

"மூணு பேர் இருக்கோம். விதிப்படி போதும்" என்றார் கவர்னர்.

புள்ளிவிவர நிபுணர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னுது ஏத்தணும்னுதான் இருக்கு. மாத்த மாட்டேன். விலைவாசி இன்னும் அடங்கலை."

ஆலைக்காரர் தம் உறையைப் புரட்டியபடியே இருந்தார். "என்னுது வேண்டாம்னுதான் மேடம். ஆனா... நீங்களும் இன்னைக்கு வேண்டாம்னா, அந்த ஆள் நினைச்சதுதானே நடக்கும்? ஒரு உசிரைக் குடிச்சிட்டு?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் கவர்னரையும் அறுத்துக்கொண்டிருந்தது.

தம் உறையைக் கையில் எடுத்தார். அதில் எழுதியிருந்தது ஒரே சொல்: உயர்த்துக.

அப்படியே விட்டால் கொலைகாரன் தோற்பான். வெளியே இன்னும் எத்தனை மச்சான்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்?

கிழித்தார்!

"கொலைகாரனுக்குப் பிடிக்குங்கறதுக்காக, சரின்னு படறதைத் தப்புன்னு என்னால எழுத முடியாது. காலையில அவர் உயிரோட வந்திருந்தா இதே தாளைப் படிச்சிருப்பார். நானும் கேட்டிருப்பேன்."

புதுத் தாளில் எழுதினார். உயர்த்த வேண்டாம்.

"இது சரியான முடிவான்னு எப்ப மேடம் தெரியும்?" ஏட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

"அதுவரைக்கும்?"

"தூங்க மாட்டேன்."

இரண்டுக்கு ஒன்று. 11.58க்குக் கையெழுத்திட்டார்.

12.00. பூட்டு திறந்தது. வாசலில் நின்ற செய்தி அதிகாரியிடம் கவர்னர் தாளை ஒப்படைத்தார்.

"என்ன முடிவு மேடம்?"

"மாற்றமில்லை."

விலங்கோடு நின்றிருந்த துணை கவர்னர் நிமிர்ந்தார். "அப்ப... அவர் உயிரோட இருந்திருந்தாலும்..."

"அப்பவும் இதேதான் சார்" என்றார் இன்ஸ்பெக்டர், அவரை லிஃப்ட் பக்கம் திருப்பியபடி. "ஒண்ணும் பண்ணாம சும்மா இருக்கறதுன்னு மேடம் இப்ப முடிவெடுத்தாங்க. நீங்க அதைக் காலையில எட்டே முக்காலுக்கே எடுத்திருந்தா, எனக்கும் இன்னைக்கு லீவு கிடைச்சிருக்கும்!"