ரம்பக் கொட்டகையும் காணாமல் போன ஸ்பிரிங்கும்

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. மெஷின் ஓடவில்லையா, ஓர் உதை. அதற்கும் ஓடவில்லையா, பழைய இரும்புக் கடை. பிறகு புதிதாக ஒன்று வாங்கி, அதையும் உதைக்கிறார்கள். யார் வீட்டுக்கும் கதவைத் தட்டிவிட்டு வருவதும் கிடையாது. வந்தால், சுவரில் என்ன தொங்குகிறது என்றுதான் கண் முதலில் போகும்.

அப்படி உதை வாங்கிய மெஷின்களில் நாற்பத்து மூன்று என் கொட்டகையில் இருக்கின்றன. எல்லாம் மரம் அறுக்கிற சங்கிலி ரம்பங்கள். சைக்கிள் சங்கிலிக்குப் பல் முளைத்தால் எப்படி இருக்கும், அது மாதிரி. கயிற்றைச் சுண்டி இழுத்தால் என்ஜின் உறுமும், சங்கிலி சுற்றும், மரம் தூளாகக் கொட்டும். நான் அவற்றை இரும்புக் கடைகளில் தேடி வாங்குவேன். துருவைச் சுரண்டுவேன். ஒன்றில் இல்லாத பாகத்தை இன்னொன்றிலிருந்து எடுத்துப் போட்டு ஓட வைப்பேன். யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை இது.

தெருப் பிள்ளைகள் எனக்கு ‘ரம்பத் தாத்தா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ரம்பம் வைத்திருப்பதாலா, பேச ஆரம்பித்தால் ரம்பம் போடுகிறேன் என்பதாலா என்று ஒரு பயலைப் பிடித்துக் கேட்டேன். ரெண்டும்தான் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

கொட்டகையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான். மற்றதில் பழைய சைலன்சர்கள். முன்பு ஒருவர் அந்தச் சைலன்சர்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு உட்காருவார். மூன்று வீடு தள்ளியிருக்கும் மரம் வெட்டுகிறவர். இந்தத் தெருவில் கார்புரேட்டர் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள். அவர் வருவது நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது.

நின்றது என்ன, நான்தான் நிறுத்தினேன்.

கயிற்றை இழுத்துவிட்டால் அது தானே உள்ளே சுருண்டுகொள்ளும் அல்லவா? அதைச் சுருட்டுவது ஒரு தகட்டு ஸ்பிரிங். உள்ளங்கை அகலம்தான். பாம்பு மாதிரிச் சுருண்டு கிடக்கும். ஒரு பழைய மாடலுக்கு அந்த ஸ்பிரிங்கை இரண்டு வருடம் தேடினேன். ஒரு வழியாகக் கிடைத்தது. ஜன்னலோரத்து ஆணியில் மாட்டினேன்.

மரம் வெட்டுகிறவர் அதைப் பார்த்தார். அவருடைய ரம்பமும் அதே மாடல். அதிலும் அதே ஸ்பிரிங்தான் உடைந்திருந்தது. கொடுப்பீர்களா என்று கேட்டார். முடியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி முடியாது என்றேன். அவர் போய்விட்டார். மறுநாள் காலையில் ஆணி மட்டும் இருந்தது.

வேறு யார் எடுத்திருப்பார்கள்?

மளிகைக் கடையில் சொன்னேன். முடிவெட்டும் கடையில் சொன்னேன். பள்ளிப் பேருந்து வரும் முனையில் நின்ற பெற்றோர்களிடமும் சொன்னேன். மூன்று இடம்தான். மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கொட்டகைக்கு யாரும் வரவில்லை. நல்லதுதான், நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று சைலன்சர்களிடம் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வாசலில் ஒரு சிறுமி நின்றாள். முதுகில் பை. மரம் வெட்டுகிறவருடைய மகள். ஐந்தாம் வகுப்போ என்னவோ. கதவு திறந்தேதான் இருந்தது. ஆனாலும் தட்டினாள்.

“அப்பா அனுப்பினாரா?” என்றேன்.

“அப்பாவுக்குத் தெரியாது. இந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“அப்ப ஏன் வந்த?”

“ஸ்பிரிங்கத் தேட. பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு.”

உங்கள் வீட்டில் போய்த் தேடு என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவளே சொன்னாள், வீட்டில் தேடியாயிற்றாம். அப்பாவின் பை, கட்டிலின் அடி, பரண், எல்லாம் பார்த்துவிட்டாளாம். சொந்த அப்பாவையே சோதனை போட்ட பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு மற்றதையும் சொன்னாள். அழவில்லை. வருகைப் பதிவேடு வாசிப்பதுபோலச் சொன்னாள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம். இவள் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் மிட்டாய் ஜாடியைத் தன் பக்கம் நகர்த்துகிறாராம். பள்ளியில் ஒரு பென்சில் தொலைந்தாலும் எல்லாரும் முதலில் இவளைத்தான் திரும்பிப் பார்க்கிறார்களாம். அப்பாவை மரம் வெட்டக் கூப்பிட்டிருந்த இரண்டு வீட்டில், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“அப்பா எதுவும் பேசுறதில்ல. சாப்பிடுறாரு, தூங்குறாரு,” என்றாள்.

நான் ஒரு கார்புரேட்டரைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்ததுதான்.

“உள்ள வா. எதையும் தொடக் கூடாது,” என்றேன்.

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால், பைக்கு அடியில் கட்டிக்கொண்டாள். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். ஆணியைக் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே நின்றால் ஆணி தெரிகிறதா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

“அப்பா ரெண்டு தடவை கேட்டதுக்கப்புறமும் அத அங்கேயே தொங்க விட்டீங்களா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னை என்ன ஏமாளின்னு நெனச்சியா? ஒரு ஆள் கண்ணு வெச்ச சாமான, தெருவுல போறவன் எல்லாம் பாக்குற மாதிரி தொங்க விடுவேனா?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அப்படி விடமாட்டேன் என்பது உண்மைதான். எனக்கே அது அப்போதுதான் காதில் விழுந்தது. நல்ல பாகம் கிடைத்தால் நான் இடம் மாற்றி இடம் மாற்றி வைப்பேன். திருடன் பெட்டியில் தேடுவான், டப்பாவில் தேடுவான். அதனால் பெட்டியிலும் வைக்க மாட்டேன், டப்பாவிலும் வைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு மாற்றினேனா? ஞாபகம் இல்லை. ஆணியில் அது தொங்கியது மட்டும்தான் ஞாபகம்.

இதை அவளிடம் சொல்லவில்லை. அந்த வாரம் காய்ச்சலாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவள் அலமாரிகளின் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்று ரம்பங்களையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தாள், கையால் தொடவில்லை. என்ன மோப்பம் பிடிக்கிறாயா என்றேன். அழுக்கைப் பார்க்கிறேன் என்றாள்.

கீழ் அலமாரியில், மூலையில், ஒரு சிவப்பு ரம்பத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“தாத்தா, எல்லா ரம்பத்துலயும் ஸ்க்ரூ தலையில புழுதி அடைச்சிருக்கு. இதுல இந்த நாலு மட்டும் மினுங்குது.”

“அது செத்த மெஷின். ஆறு வருஷமா கயிறு சுருள்ற அந்த மூடிக்குள்ள ஸ்பிரிங்கே கெடையாது. எனக்குத் தெரியாதா?”

“இல்லன்னா தொறந்து பாக்கலாமே.”

திருப்புளியை எடுத்தேன். அவளுக்குக் காட்டிவிட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் எடுத்தேன். நான்கு ஸ்க்ரூவும் வெண்ணெய் மாதிரிக் கழன்றன. ஆறு வருடம் திறக்காத ஸ்க்ரூ அப்படிக் கழலாது.

“தள்ளி நில்லு,” என்றேன்.

மூடியை நெம்பினேன். உள்ளிருந்து ஒரு தகட்டுப் பாம்பு சீறிக்கொண்டு பாய்ந்தது. என் கண்ணாடியைத் தட்டிவிட்டு, மேசைமேல் துள்ளி, சைலன்சர்களுக்கு நடுவில் போய் விழுந்து, கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது.

ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்திலேயே ஸ்பிரிங்கை ஒளித்துவைத்தால் எந்தத் திருடன் தேடுவான்? நல்ல யோசனைதான். காய்ச்சலில் இருப்பவன் அதைச் செய்யக் கூடாது.

நான் தரையில் கண்ணாடியைத் தேடினேன். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். இப்போது கத்துவாள், தெருவைக் கூட்டுவாள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் கூட்டியிருப்பேன்.

“மூணு இடத்துல சொன்னீங்கல்ல தாத்தா. அதே மூணு இடத்துலயும் வந்து சொல்லணும்,” என்றாள்.

“கெடச்சிருச்சுன்னு சொல்லிடறேன்.”

“அது பத்தாது. திருடினவங்க திருப்பிக் கொடுத்தாலும் கெடச்சிருச்சுன்னுதான் சொல்லுவாங்க. ‘அவர் எடுக்கல’ன்னு சொல்லணும்.”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“எங்க இருந்துச்சுன்னு சொல்ல வேணாம். நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா உங்களப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க. அது நல்லா இருக்காது.”

நடந்தோம். அவள் எனக்கு முன்னால் போனாள். மளிகைக் கடையில் நான் சொன்னதும் கடைக்காரர், அப்படியானால் எங்கேதான் இருந்தது என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பருப்பு மூட்டைகளை எண்ணுகிற மாதிரி நின்றாள். நான் கண்டபடி பேசுவேனே தவிர, மென்று விழுங்கிப் பேசிப் பழக்கம் இல்லை. நானே ஒளித்து வைத்து நானே மறந்தேன் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிவெட்டுகிறவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் கையில் தலையைக் கொடுத்திருந்த ஆளும் சிரித்தார். சிரிக்கட்டும்.

பேருந்து முனையில் ஏழெட்டுப் பெற்றோர்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். மரம் வெட்டுகிறவரும் நின்றார். மகளைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறார். என்னோடு அவள் வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

அவர் பேசுவதற்குள் நான் பேசிவிட்டேன். “இவர் எடுக்கல. ஸ்பிரிங் என் கொட்டகையிலேயேதான் இருந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சு மறந்துட்டேன். நான் சொன்னது தப்பு.”

ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவன் அம்மா அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

பேருந்து வந்தது. அவள் ஏறினாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது: உள்ளே ஒரு சிறுமி பக்கத்து இருக்கையில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மரம் வெட்டுகிறவரின் மகள் அங்கே உட்கார்ந்தாள். உடனே இரண்டு பேரும் ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. பேருந்து போய்விட்டது, பெற்றோர்களும் கலைந்தார்கள்.

நானும் அவரும் மட்டும் நின்றோம். பதினோரு நாள் கெட்ட பேர் சுமந்த ஆள். இரண்டு வீட்டு வேலையை இழந்த ஆள். இப்போது திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்தால் நியாயம்தான்.

அவர் பேருந்து போன சாலையைப் பார்த்தார். அப்புறம், “துரு ஏதும் பிடிக்கலையே?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். வேண்டுமானால் சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வருகிறேன் என்றார்.

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா? என்னால் நம்ப முடியவில்லை. இதில் ஏதோ இருக்கிறது, சாயங்காலம் வரட்டும், கண்ணை விட்டு எடுக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே, சைலன்சர்களை நாற்காலியிலிருந்து இறக்கி வைக்க நடந்தேன்.