ஏசுதாசனின் மூக்கில் ஒட்டிய மகரந்தம்

அந்தத் தும்மல் மட்டும் ஒரு நிமிஷம் முந்தியோ பிந்தியோ வந்திருந்தால், கமலினி பாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பாள், அவனும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் அது சிட்னி ரயில் பரமட்டா தாண்டி, சரியாக அவள் மடியிலிருந்த பெட்டியின் மூடியைத் திறந்த நேரம் பார்த்து வந்தது...

அதுவும் சாதாரணத் தும்மலா அது! ரயில் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எழும்பி, இறங்குகிற இடம் வந்துவிட்டதோ என்று சுற்றிப் பார்த்தார்.

எதிர் இருக்கையில் இருந்தவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கு நடுவே தெரிந்த கண்கள் மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தன.

"மன்னிச்சிடுங்க... கைக்குட்டை எடுக்கிறதுக்குள்ள வந்திருச்சு. உங்க சாப்பாட்டுலயா பட்டுச்சு?"

"சாப்பாடோ?" கமலினி பெட்டியை அவன் பக்கம் நீட்டினாள். "இது காத்து. கிரவீன்ல ஒரு கிழமை, ஏழு நாளும் வீசின காத்து முழுக்க இதுக்குள்ள இருந்தது. நீங்கள் அதுக்குள்ள தும்மிப்போட்டீங்கள்."

அவன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பசை தடவிய நாடா சுற்றிய ஒரு சிறிய உருளை. காற்று எங்கே இருக்கிறது என்று தேடுகிறவனைப் போல அப்பாவியாக விழித்தான். அந்த முழியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காகியது. பாவம், சிரிப்பும் வந்தது. சிரிப்பை விழுங்கிவிட்டாள்.

கமலினிக்கு மகரந்தம் எண்ணுகிற வேலை. நகரத்தில் மூச்சு நோய்களை ஆராய்கிற இடமொன்றில் மூன்று வருஷமாக இருக்கிறாள். கிரவீனில் அவள் குடியிருக்கும் பத்மா அன்ரி வீட்டு கராஜ் கூரையில் ஒரு கருவி நிற்கிறது. அது நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். காற்றோடு வரும் மரத்து மகரந்தமெல்லாம் உள்ளே மெல்லச் சுற்றும் நாடாவில் ஒட்டும். புதன்கிழமை தோறும் அதைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அன்றைக்கு நாடா தளர்ந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில்தான் மூடியைத் திறந்தாள். பேசாமல் இருந்திருக்கலாம்!

சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் அவன் தன் பெயரைச் சொல்லிவிட்டான். ஏசுதாசன். மலேசியாவில் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இப்போது செவன் ஹில்ஸில் குளிர்பெட்டிக் கதவு செய்யும் தொழிற்சாலையில் எஞ்சினியர். சனிக்கிழமை வேலை செய்வதால் புதன்கிழமை விடுப்பு. இந்த ஊர் வசந்தம் வந்தால் போதும், அவன் மூக்குக்கும் கண்ணுக்கும் தீராத தொல்லை.

"தப்புப் பண்ணினது என் மூக்கு. நஷ்டஈடா அதையே எடுத்துக்குங்களேன்," என்றான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கமலினி சட்டென்று நின்றுவிட்டாள். உண்மையிலேயே அவளுக்கு மூக்குகள் தேவைப்பட்டன!

கூரையில் நிற்கிற கருவி சொல்வதும் மனிதர் மூக்குக்குள் போவதும் ஒன்றுதானா? இதுதான் அவள் முதன்முதலாகத் தன் பொறுப்பில் எடுத்த ஆராய்ச்சி. மூக்குத் துவாரத்துக்குள் செருகிக்கொள்ள ஒரு குட்டிப் பிளாஸ்டிக் சாதனம் உண்டு. உள்ளே பசை நாடா. மத்தியானம் ஒரு மணித்தியாலம் போட்டிருந்தால், சுவாசித்ததெல்லாம் அதில் ஒட்டிவிடும். இந்த வசந்தத்தில் நல்ல முடிவு வந்தால்தான் அடுத்த வருஷமும் வேலை என்று பேராசிரியை சொல்லிவிட்டார். ஆனால் மூக்கில் பிளாஸ்டிக்கைச் செருகச் சம்மதிக்கிற சனம் எங்கே இருக்கிறது? பத்மா அன்ரியையும் அவருடைய சிநேகிதிகளையும் கெஞ்சித்தான் பிடித்திருந்தாள்.

அதிலும் பத்மா அன்ரி செய்த கூத்து தனிக்கதை. பின்வளவில் மரத்தடியில் இருந்ததாகச் சத்தியம் பண்ணினார். கண்ணாடித் தகட்டில் பார்த்தால் மகரந்தத்தைக் காணவில்லை, ஒரே மாவு! குசினிக்குள் நின்று பிட்டுக்கு மா அரித்திருக்கிறார்.

"கழட்டாமல் போட்டிருக்கச் சொன்னாய், போட்டிருந்தனான். குசினிக்குள்ள போகக்கூடாதெண்டு நீ சொல்லேல்லையே, பிள்ளை," என்று அன்ரி நியாயம் கேட்டார். அன்றிலிருந்து கமலினிக்கு ஒரு நம்பிக்கை: மனிசர் பொய் சொன்னாலும் மூக்கு சொல்லாது.

ஏசுதாசன் புதன்கிழமைகளில் அவள் வேலை செய்யும் இடத்துக்கு வரத் தொடங்கினான். மத்தியானம் செவன் ஹில்ஸில், தன் வீட்டுப் பின்வளவில் சாதனத்தைப் போட்டுக்கொண்டு இருப்பதாகவும், உடனே ரயிலேறி நாடாவைக் கொண்டுவருவதாகவும் சொன்னான். வந்தால் லேசில் போகமாட்டான். மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்ப்பான். சாயத்தில் இளஞ்சிவப்பாகிக் கிடக்கும் மகரந்த மணிகளைக் காட்டி, இவ்வளவு அழகா இருந்துக்கிட்டு ஏன் என்னைப் படுத்துதுங்க என்று கேட்பான். ஆமாவுக்குப் பதில் அவள் சொல்லும் 'ஓம்' என்பதையும் மணித்தியாலத்தையும் திருப்பிச் சொல்லிப் பார்ப்பான். அவள் அவன் பேச்சின் வாலில் வரும் மலேசிய 'லா'வைப் பிடித்துக்கொண்டு கிண்டல் பண்ணுவாள். புதன்கிழமை காலையில் சட்டை தெரிந்தெடுக்க வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறதென்று அவளுக்கே விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துகொண்டாள்...

வேலை மும்முரத்தில் அவன் நாடாக்களை எடுத்து எண்ணாமலே வைத்திருந்தாள். அக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தவள், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

பிளேன் என்கிற நிழல்மரத்து மகரந்தம்! ஒன்றிரண்டு என்றால் காற்றில் வந்தது என்று விடலாம். இது தகடு முழுக்க அப்பிக் கிடந்தது. பூத்து நிற்கிற பிளேன் மரத்துக்கு நேர் கீழே இருந்தால்தான் இப்படி ஒட்டும். அவனே சொன்னபடி அவன் வீட்டுத் தெருவில் யூகலிப்டஸ் மட்டும்தான். பிளேன் மரங்கள் வரிசையாக நிற்பது நகரத்துத் தெருக்களில்.

ஆக, அவன் வீட்டில் இருக்கவில்லை. புதன்கிழமை தோறும் நகரத்தில் எங்கேயோ ஒரு மரத்தடியில் ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறான். யாருக்காக? அலர்ஜிக்காரன், அதுவும் பிளேன் மரத்துக்கடியில், கண் வீங்க வீங்க இருக்கிறானென்றால்... ஒருத்திக்காகத்தானே இருக்க முடியும்? அங்கே அவளைப் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வந்து இளித்துக்கொண்டு நாடாவை நீட்டுகிறான். கமலினிக்கு வயிறு எரிந்தது. ஆராய்ச்சி கெட்டதற்காகத்தான் எரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை அவன் வந்தபோது நாற்காலியைக்கூடக் காட்டவில்லை. எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். வீட்டில்தான் என்றான். தகட்டைக் காட்டினாள். ஒருவருடைய நாடா பொய்யென்றால் மற்ற எல்லாருடையதையும் சந்தேகப்படுவார்கள், என் வேலையே போய்விடும் என்றாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"ஆமா, வீட்ல இல்ல. எங்க இருந்தேன்னு மட்டும் கேக்காதீங்க."

"அப்ப உங்கட மூக்கு எனக்கு வேண்டாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த வீங்கிய கண்களில் என்ன இருந்ததென்று அவளால் படிக்க முடியவில்லை. சாதனத்தை மேசையில் வைத்துவிட்டு, "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது," என்று மட்டும் சொல்லிப் போனான். போகட்டும். எவளோ ஒருத்தி காத்திருப்பாள், போகட்டும்! அன்றைக்கு பத்மா அன்ரி போட்டுத் தந்த தேத்தண்ணி ஆறியே போயிற்று.

மறுநாள் பேராசிரியையிடம் அவன் கணக்கை நீக்கிவிடுவதாகச் சொல்லத்தான் இருந்தாள். அதற்கு முன், புதுச் சாயம் எப்படிப் பிடிக்கிறதென்று பார்க்க, முந்தின நாள் தன் வேலை மேசையை ஒட்டிய ஜன்னல் விளிம்பில் ஒட்டி வைத்த நாடாவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

பிளேன் மரம் நிறைய. அதற்கு நடுவே அங்கங்கே முக்கோண மாதிரிச் சின்னச் சின்ன மணிகள். பிர்ச் மரம். சிட்னியில் லேசில் காணாத மரம். அவள் வேலை செய்யும் கட்டிடத்தின் முற்றத்தில், யாரோ எப்போதோ ஆசைக்கு நட்ட ஒன்றே ஒன்று நிற்கிறது, பிளேன் மர வரிசைக்குப் பக்கத்தில்.

இதே கலவையை நேற்றும் பார்த்தேனே...

ஏசுதாசனின் தகடுகளை எடுத்தாள். பிளேன் மரம், நடுவில் பிர்ச். அடுத்ததிலும் அதே. எல்லாவற்றிலும் அதே!

மெல்ல எழும்பி ஜன்னலால் கீழே எட்டிப் பார்த்தாள். பிளேன் மரத்தடியில் உட்கார ஒரு வாங்கு. அதில் இருந்து நிமிர்ந்தால் நேரே தெரிவது இந்த ஜன்னல். இந்த ஜன்னலுக்குள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தபடி இருப்பவள், அவள்.

அந்த ஒருத்தி அவள்தான்! தன்மேலேயே பொறாமைப்பட்டு, அந்த மனிசனைத் துரத்தியும் விட்டிருக்கிறாள். கமலினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்து மேசைக்காரி உனக்கும் அலர்ஜியா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஓமென்று தலையாட்டி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், செவன் ஹில்ஸ் தொழிற்சாலை வாசலில் ஒரு பெண் மூக்கில் பிளாஸ்டிக்கைச் செருகிக்கொண்டு நின்றாள். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்த தொழிலாளிகள் ஒருவரையொருவர் இடித்துக் காட்டிச் சிரித்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் அசையவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்து, முதல் தூறல் விழுந்தபோதுதான் ஏசுதாசன் வந்தான். அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"கமலினி? என்ன இது..."

"சாம்பிள் எடுக்கிறன்." மூக்கடைத்த குரலில் சொன்னாள். அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. "உங்கட நாடாவைப் பேராசிரியையிட்டக் காட்டினன். மரத்துக்குக் கீழ இருக்கிற மூக்குக்குள்ள கூரைக் கருவி சொல்றதை விட எவ்வளவு கூடப் போகுதெண்டு, அதில வடிவாத் தெரியுதாம். மனிசி துள்ளிக் குதிக்குது. வேலையும் போகாது. இடத்தை மட்டும் நீங்கள் உண்மையாச் சொன்னாக் காணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மழை வலுத்தது.

"புதன்கிழமைன்னா சீக்கிரமே வந்திருவேன்," என்றான் மெல்ல. "மேல வர ஒரு சாக்கு வேணும்ல? நேரம் ஆகுற வரைக்கும் கீழ பெஞ்சுல உக்காந்திருப்பேன். நீங்க ஜன்னல்ல தெரிவீங்க. மத்தியானம் தவறாமப் போடணும்னு சொன்னீங்களா... அங்கேயே போட்டுக்கிட்டேன். அதைச் சொன்னா நீங்க இனிமே வராதேன்னுருவீங்கன்னு பயம்."

"அந்த மரத்தடியில இருந்தா உங்களுக்கு என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?"

"தெரியும்லா. ராத்திரி பூரா தும்முவேன்." சிரித்தான். "பரவால்ல. உங்களைப் பாத்தாச்சுல்ல?"

கமலினி மூக்கிலிருந்ததைக் கழற்றினாள். உள்ளே நாடா நனைந்து போயிருந்தது.

"இதில ஒண்டும் ஒட்டியிராது, மழை காத்தைக் கழுவிப்போடும். நான் இங்க வந்து நிண்டதுக்கு இனி ஒரு சாட்சியும் இல்லை," என்றாள்.

"நான் இருக்கேன்ல?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். மழையில் மகரந்தமெல்லாம் அடங்கி, சிவப்பு வடிந்து... இத்தனை நாளும் வீக்கத்துக்குள் ஒளிந்திருந்த கண்கள். தேன் நிறம். கடவுளே, இவ்வளவு வடிவான கண்ணையா நான் மிளகாய்ப்பழம் என்று நினைத்தேன்?

"அப்ப சாட்சியா நீங்களே கேட்டுக்கொள்ளுங்கோ," என்றாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. புதன்கிழமை மட்டும் காணாது. என்ர அப்பாவும் அம்மாவும் கோயில், சேர்ச் எண்டு கொஞ்ச நாள் முகம் நீட்டுவினம். அதைப் பத்மா அன்ரி பாத்துக்கொள்ளுவா, அவவிட்ட நேற்றே சொல்லிப்போட்டன். நீங்கள் சரியெண்டாச் சரி."

ஏசுதாசன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். மழையில் நனைந்த மூக்கு முந்திக்கொண்டது. தொழிற்சாலை வாசலே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல்.

அவள் இந்தத் தடவை கோபப்படவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் கைக்குட்டையை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஓம்," என்றான் ஈப்போக்காரன்.