பதில் சொல்ல விட்ட நேரம்

கேசட்டில் சுப்புராயன் விட்டிருந்த இடைவெளி இந்த முறை சரியாக இருந்தது. அமிர்தத்துக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மூன்று வருடமாக அவள் புருஷன் சுப்புராயன் ஈராக்கில், பாஸ்ராவில் கட்டட வேலையில் இருந்தான். எழுத வராது அவனுக்கு. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுவான், பிறகு அடுத்த கேள்வி. அந்தப் பத்தில் ஏர்கூலர் இரைச்சல் மட்டும் ஓடும். மகள் தமிழ்மொழியை மூன்று வயதில் விட்டுப் போனவன். அவள் அப்பாவை மறந்துவிடக் கூடாதென்று, அந்த இடைவெளியில் பதில் சொல்ல அமிர்தம்தான் பழக்கினாள். குழந்தை நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்து விழும். “அப்பாவுக்கு இன்னா அவசரம் பாரு” என்று இருவரும் சிரிப்பார்கள்.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அன்று நான்காம் நாள். தியாகதுருகம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். மரத்தோடு மின்கம்பியும் போயிற்று. பஸ் இல்லை, தபால் இல்லை. கரும்புக் காட்டுக்கு நடுவில் தனியாக இருந்த அவர்கள் கொட்டாய்க்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் லாரிச் சத்தம் நின்றுபோய், அதற்குப் பதில் பச்சை மரத்தின் புளித்த வாசனையும் எரிந்த டயர் வாசனையும் காற்றில் வந்துகொண்டிருந்தன. புழுதி அடங்கிவிட்டதால் மேற்கே கல்வராயன் மலை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் நின்றது.

மத்தியானம் வீரமுத்து வந்தான். நைனார்பாளையத்துக்காரன், சுப்புராயனோடு ஒரே கேம்ப். தலையில் பெட்டி, காலில் செருப்பு அறுந்திருந்தது.

“ஈராக்குல குண்டுக்கு நடுவுல பூந்து வந்துட்டேன் அண்ணி. உளுந்தூர்பேட்டையத் தாண்ட முடியல” என்று சிரித்தான்.

“அவரு எப்பிடி இருக்காரு தம்பி?”

“நல்லா இருக்காரு. அங்க பஸ் ஏத்திவிட்டதே அவருதான். பன்னண்டு நாளாச்சி. ஜன்னல் வழியா இத்தக் குடுத்தாரு.”

கேசட்டைக் கொடுத்தான், ஒரு செம்பு மோர் குடித்தான், இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டுமென்று வரப்பில் இறங்கிப் போய்விட்டான்.

டேப் ரெக்கார்டரில் பேட்டரி போட்டு அமிர்தம் பட்டனை அழுத்தினாள்.

“தமிழு, சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்பா. கருவாட்டுக் கொழம்பு. அம்மா எனக்குத் தலையே குடுக்கல.”

அவள் முடித்த பிறகுதான் அவன் பேசினான். “தலையில இன்னாடி இருக்குது? முள்ளுதான்.”

தமிழ்மொழி கைகொட்டிச் சிரித்தாள். அமிர்தமும் சிரித்துவிட்டாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

“அப்பா, எனக்குப் பல்லு ஆடுது.”

“மேல் பல்லா, கீழ் பல்லா?”

பல் ஆடத் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அமிர்தம் நிறுத்தினாள். பின்னால் சுற்றிவிட்டு மறுபடி போட்டாள். மகளின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“தமிழு, சாப்ட்டியா?”

பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. ஏர்கூலர் இரைச்சல் இல்லை. வேறு ஏதோ இருந்தது, திறந்த வெளியில் மைக்கை வைத்தது மாதிரி. காற்று. கரும்புத் தோகைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்.

“தமிழு? ஏன் பேச மாட்ற?”

அமிர்தம் பிளக்கைப் பிடுங்குகிறவள் போல அவசரமாக பேட்டரிகளை வெளியே எடுத்தாள். அவை சூடாக இருந்தன.

“அம்மா, அப்பா கேக்குது. சொல்லாம இருந்தா கோவிச்சிக்கும்.”

“சொல்லாத. இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத.”

“நீதான சொல்லச் சொன்ன?”

அமிர்தம் பேட்டரிகளை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஆதிமூலம் வந்தார். சுப்புராயனின் அண்ணன். மறியலில் உட்கார்ந்திருந்தவர், வேட்டியெல்லாம் புளியமரத் தூள். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. கையில் தந்தி.

“போஸ்ட்டுமேன் நடந்து வந்து ரோட்டுலயே குடுத்துட்டான்மா. எட்டு நாளா தந்தி எங்க கெடந்துதோ. கேம்ப்பு மேல குண்டு வுழுந்துட்டுதாம்.”

“யாருக்கு, மாமா?”

அவர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சுப்புராயன் செத்தது வீரமுத்து கிளம்பிய மறுநாள். உடம்பு கிடைக்கவில்லை.

“அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்லியாம்மா” என்றார். “நான் ஊருக்குள்ள போயி பொம்பளைங்கள இட்டாறேன். நீ குந்து. எதையும் தொடாத.”

அவர் போய்விட்டார். அமிர்தம் குந்தினாள். அழுகை வரவில்லை. எறும்பு ஒன்று மோர்ச் செம்பின் விளிம்பைச் சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது. பார்த்துக்கொண்டே இருந்தாள். உடம்பில் எங்கே தொட்டாலும் வேறு யாரையோ தொடுவது போலிருந்தது. ஒன்று மட்டும் தெரிந்தது: அவன் குரல் இந்த வீட்டில் இருக்கிறது. பெண்கள் வந்து ஒப்பாரி தொடங்கிவிட்டால் பிறகு கேட்க முடியாது. ஒரே ஒரு முறை.

தமிழ்மொழி மூலையில் பொம்மைக்குச் சேலை சுற்றிக்கொண்டிருந்தாள். அமிர்தம் முந்தானையை அவிழ்த்து பேட்டரிகளைப் போட்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டாள். சத்தத்தைக் குறைத்து, பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டாள்.

“அமிர்தம்.”

அவள் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“அமிர்தம், ரோடெல்லாம் மரம் கெடக்குது. ஒண்ணு ஒண்ணா ஏறி ஏறி எறங்கறேன். கொட்டாய்க்கு எந்தப் பக்கம் திரும்பணும்? மறந்துட்டேன்.”

உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் உப்புக் கரித்தது. இடைவெளி ஓடியது. தோகைச் சத்தம் ஓடியது.

“யாருமே சொல்ல மாட்றீங்க. தமிழு, நீ வந்து அப்பாவ இட்டுனு போறியா?”

“வரேம்பா!”

மூலையிலிருந்து. தெளிவாக. சந்தோஷமாக.

பெட்டி தானாக நின்றது. சுருள் முடிந்திருந்தது.

அதன் பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அமிர்தத்துக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து மகளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். கதவைச் சாத்தியிருக்க வேண்டும். தலையைத் திருப்பியபோது மூலையில் பொம்மை மட்டும் கிடந்தது.

வாசலுக்கு ஓடினாள். சாயங்கால வெயில் மஞ்சளாகக் கரும்பின் மேல் படிந்திருந்தது. சாலையிலிருந்து கொட்டாய்க்கு வரும் வண்டிப்பாதையில் தமிழ்மொழி வந்துகொண்டிருந்தாள்.

தனியாக.

வலது கையை மேலே தூக்கியிருந்தாள். பெரிய ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கத் தோள் ஏறியிருக்குமே, அப்படி. ஏதோ சொன்னாள். நிறுத்தினாள். அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினாள். மறுபடி சொன்னாள்.

“தமிழு! கையை வுடு! ஓடியா!”

காதில் வாங்கவில்லை. பள்ளம் வந்த இடத்தில் இரண்டு கால்களும் தரையை விட்டுத் தூக்கப்பட்டு, தாண்டி, இறக்கப்பட்டன.

அமிர்தம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாத்தலாம். சாத்தினால் குழந்தை வெளியே, அதனோடு. பத்தடி. ஐந்தடி. பச்சை மரத்தின் வாசனை வந்தது. அதற்குள் கருகிய வேறொரு வாசனை.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

தமிழ்மொழி உள்ளே வந்து பாயில் படுத்தாள். படுத்ததுமே தூங்கிப்போனாள். வலது கை மட்டும் இறங்கவில்லை. பாயிலிருந்து நேராக மேலே நின்றது. யாரோ இறுக்கிப் பிடித்தது போல ஐந்து விரல்களும் ரத்தமில்லாமல் வெளுத்திருந்தன.

தூரத்தில் பெண்கள் மாரடித்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அமிர்தம் மகள் பக்கத்தில் மண்டியிட்டாள். அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தாள்.

மேலிருந்து, அதேபோல மெல்ல, திரும்ப இழுத்தது.