பூநாரைத் தண்ணி

“அந்தப் பழைய மணிய நானே எடுத்தாந்து வெக்கிறேன். மாசித் திருவிழா வரிக்கும் பொறுங்க.”

தேசம்மா எழுந்து நின்று இப்படிச் சொன்னதும், கோயில் வாசலில் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புது மணி வாங்குவதைப் பற்றிப் பேசத்தான் அன்று ஊர் கூடியிருந்தது. மணி என்று வாயெடுத்தாலே பேச்சு அவளுடைய அப்பா எத்திராசுவின் தலையில் போய் விழும். மணியை விற்றுத் தின்றவன் வீட்டில் போய்க் கேளுங்கள் என்று எவனோ துடுக்காகச் சொல்லிவிட்டான். அதைக் கேட்டுத்தான் அவள் எழுந்தாள்.

கதை பழசு. பழவேற்காடு ஏரிக்கு நடுவே சங்குத்திட்டு என்று ஒரு தீவு. இந்தக் குப்பத்துச் சனம் முன்னே அங்கேதான் இருந்தது. ஒரு கார்த்திகைப் புயல் திட்டில் பாதியை விழுங்கிவிட, மிச்சம் மீதி சட்டி பானையோடு எல்லாரும் கரைக்குக் கிளம்பினார்கள். அம்மன் கோயில் வெண்கல மணியை எத்திராசு தன் படகில் ஏற்றிக்கொண்டார். கரை சேர்ந்தபோது அந்தப் படகில் அவருடைய இரண்டு சின்ன மகள்கள் மட்டும் இருந்தார்கள். மணி இல்லை!

படகு தண்ணீர் மொண்டுவிட்டது, பாரத்தைக் குறைக்காவிட்டால் பிள்ளைகளோடு முழுகியிருக்கும், அதனால் பூநாரைகள் நின்ற இடமாகப் பார்த்து மணியை இறக்கிவிட்டேன், நாளைக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். லைட் ஹவுஸும் திட்டின் ஒற்றைப் பனையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்த நேர்கோடு என்று அடையாளமும் சொன்னார்.

இங்கேதான் விஷயம். அந்த ஏரிக்காரர்கள் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்ல மாட்டார்கள். கொக்குத் தண்ணி என்றால் கணுக்கால். நாரைத் தண்ணி என்றால் முழங்கால். பூநாரைத் தண்ணி என்றால் தொடை, அதற்கு மேல் போகாது. எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் படகையே விடுவார்கள். தொடையளவுத் தண்ணீரில் கிடக்கும் மணியைக் காலால் தடவியே எடுத்துவிடலாம் அல்லவா? ஊரே போய்த் தடவியது. அந்தக் கோட்டில் இருந்த மணல்மேட்டைச் சல்லடை போட்டுச் சலித்தது. கிடைக்கவில்லை. அப்படியானால் எத்திராசு புளுகுகிறார், மணி பழைய பாத்திரக் கடைக்குப் போயிருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதற்குப் பாடு என்று பெயர். அந்த மணியை அடித்துவிட்டுத்தான் பாட்டுச் சீட்டு எடுப்பார்கள். பாட்டிலிருந்து எத்திராசுவின் பேரை எடுத்தார்கள். அன்றிலிருந்து கிழவர் அடுத்தவன் வலையில் கூலிக்கு நின்றே காலத்தை ஓட்டிவிட்டார். ஒன்றாக வலை இழுத்த கூட்டாளி வரதன் இன்றைக்கு ஊர்த் தலைவர், அதாவது நாட்டார். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது.

அந்த வரதன்தான் இப்போது தேசம்மாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“எடுத்தாந்தா உங்க நைனா பேரு மறுபடி பாட்டுல ஏறும். இல்லன்னா இந்தப் பேச்ச இனிமே யாரும் எடுக்கக் கூடாது. இன்னா சொல்ற?”

“சரி நாட்டாரே.”

வீட்டில் எத்திராசு சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போனால், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “போவாத தேசம்மா. அது அங்க இல்ல. எட்த்தவன் எட்த்துட்டான்” என்றார். யார் எடுத்தது என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை! என்றைக்குமே அப்படித்தான்.

போகாமல் இருப்பாளா? மறுநாள் விடிந்ததும் மூன்று பேர் கிளம்பினார்கள். தேசம்மா, அவள் தங்கை பவுனு, படகு இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மஸ்தான். மூவரும் சின்ன வயதில் சேர்ந்து திரிந்தவர்கள். இப்போது பவுனுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது, மஸ்தானுக்குத் தொப்பை இருக்கிறது. ஆனாலும் படகு கரையை விட்டதுமே மூன்று பேருக்கும் பத்து வயது ஆகிவிட்டது.

ஏரி நிறையப் பறவை. சின்னக் கொக்குகள் ஓரத்தில் சேற்றைக் காலால் கிளறிக் கிளறி மீன் பிடித்தன. சாம்பல் நாரை ஒன்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கடன்காரனுக்குப் பயந்தவன் போல அசையாமல் நின்றது. கரண்டிவாயன்கள் வரிசையாகத் தண்ணீரைத் துழாவிக்கொண்டு போயின. அந்தக் காலத்தில் கொக்குக்கு எதிரே ஒற்றைக்காலில் நின்று போட்டி போடுவோமே, நீதான் முதலில் விழுவாய் என்று பவுனு மஸ்தானைச் சீண்டினாள். தான் விழவில்லை, அவள்தான் தள்ளிவிட்டாள் என்று மஸ்தான் இத்தனை வருஷம் கழித்துச் சண்டைக்கு வந்தான். சிரித்துச் சிரித்துத் தேசம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. திட்டில் வீடு ஒன்றும் மிச்சமில்லை. ஒற்றைப் பனை மட்டும் நின்றது. அதைப் பார்த்ததும் சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

லைட் ஹவுஸும் பனையும் ஒன்று சேர்ந்த கோட்டைப் பிடித்தார்கள். மணல்மேட்டில் இறங்கித் தடவினார்கள். வெயில் ஏறியது. உடைந்த பானை ஓடு வந்தது, கிழிந்த வலை வந்தது, மஸ்தானின் உள்ளங்காலைச் சிப்பி கிழித்தது. மணி வரவில்லை. ஊரே சலித்த இடத்தில் நமக்கென்ன தனியாக எடுத்தா வைத்திருக்கும் என்று மஸ்தான் முனகினான். தேசம்மா இன்னொரு தடவை மணலைத் தடவினாள். தோற்றுப்போய்க் கரையேறினால், திருடன் மகள் என்ற பேர் தன் பிள்ளைகள் வரைக்கும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

மேட்டைத் தாண்டி, அதே கோட்டில், தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று தெரிந்தது. ஏரிமேல் ரோஜா நிறச் சேலையை விரித்துக் காயப்போட்டதுபோல் இருந்தது. அங்கேயும் ஒரு தடவு தடவிவிடலாம் என்று படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பறவைகள் கொஞ்சம் விலகி வழி விட்டன.

பவுனு சேலையை இழுத்துச் செருகினாள். “பூநாரைத் தண்ணிதானே” என்று சொல்லிக்கொண்டே படகிலிருந்து இறங்கினாள்.

இறங்கினவள் காணோம்!

தலை முடி வரைக்கும் உள்ளே போய்விட்டாள். தேசம்மா அலறிக்கொண்டு கழியை நீட்டினாள். பவுனு இருமிக்கொண்டு மேலே வந்து கழியைப் பற்றினாள். தரையே இல்லை, தரையே இல்லை என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. மஸ்தான் அவளைத் தூக்கிப் படகில் போட்டான். தேசம்மா கழியை நேராக விட்டுப் பார்த்தாள். கழி முழுதும் போயும் தரை தட்டவில்லை. ஆனால் நாலு முழம் தள்ளிப் பூநாரைகள் சும்மா நின்றுகொண்டிருந்தன!

நின்றனவா? தேசம்மா குனிந்து தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தாள். சிவந்த கால்கள் வாத்துக் காலைப் போல முன்னும் பின்னும் துழாவிக்கொண்டிருந்தன.

“மஸ்தான், இதுங்க நிக்கலடா. நீந்துது.”

தேசம்மாவுக்கு இப்போது புரிந்தது. புயல் அன்று நைனாவின் கையில் கழி இல்லை, காற்று பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. பறவையை மட்டும் நம்பினார். மேடு என்று நினைத்து மடுவில் போட்டார். ஊரும் அதே பறவைக் கணக்கை நம்பி மேட்டிலேயே தேடியது. மடுவில் ஒருத்தரும் முழுகவில்லை!

நங்கூரம் போட்டார்கள். மஸ்தான் முழுகினான், வெறுங்கையோடு வந்தான். தேசம்மா முழுகினாள். கோட்டை விடாமல் மாற்றி மாற்றி முழுகினார்கள். அடியில் சேறு இல்லை, கிளிஞ்சல் படுகை. கனமான பொருள் புதைந்துபோக வழியில்லை. பொழுது சாயும் நேரத்தில் தேசம்மாவின் கை உருண்டையான ஒன்றில் பட்டது. சோற்றுத் தவலையைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது. மேலெல்லாம் சிப்பி. உச்சியில் விரலை விட்டாள், வளையம்!

கயிறு கட்டினார்கள். இழுத்தார்கள். அது படுகையோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. அதற்குள் ஏரித் தண்ணீர் கடல் பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. நங்கூரம் பிடி விட்டு விட்டுப் பிடித்தது. மிதவையைக் கட்டிவிட்டு நாளைக்கு ஆள் கூட்டி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றான் மஸ்தான். நியாயமான பேச்சுதான்.

“நைனாவும் நாளைக்கி எட்த்துக்கலாம்னுதான்டா உட்டுட்டு வந்தாரு” என்றாள் தேசம்மா.

மஸ்தான் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டான். தேசம்மா மறுபடி உள்ளே போய்க் கழியால் நெம்பினாள். பவுனு மேலிருந்து மூச்சைப் பிடித்து இழுத்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. சட்டென்று கீழே பிடி விட்டது. தேசம்மா மேலே வந்து ஏறிக் கயிற்றில் கை கொடுக்க, கடைசி இழுப்பில் மூன்று பேரும் மணியும் படகுக்குள் ஒரே குவியலாக விழுந்தார்கள்.

அவர்கள் கரையைத் தொட்டபோது குப்பம் முழுக்க மணலில் நின்றது. மணியைக் கோயில் வாசலில் இறக்கினார்கள். ஒருவன் கல்லால் தட்டிப் பார்த்தான். டொக் என்றது. எத்திராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மணியைத் தடவினார், அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்புக் கத்தியை எடுத்துச் சிப்பியைச் சுரண்ட ஆரம்பித்தார். தேசம்மா நடந்ததைச் சொன்னாள். பூநாரை நீந்தும் என்றதும் கத்தி நின்றது.

கிழவர் தலையைத் தூக்கி நாட்டாரைத் தேடினார். வரதன் ஓரமாகத் தலை கவிழ்ந்து நின்றிருந்தார்.

“வரதா, போட்ட எடத்த மொதல்ல உங்கிட்டதான் சொன்னேன். மறுநாளு நான் போவறதுக்கு முன்னால நீ போயி எட்த்துட்டன்னு நெனச்சிருந்தேன்டா. இத்தினி வருஷமும் உன்னத்தான் திருடன்னு நெனச்சேன்.”

வரதன் வந்து எதிரே உட்கார்ந்தார். யாரிடமோ கத்தி ஒன்றை வாங்கி, மணியின் மறுபக்கத்துச் சிப்பியைச் சுரண்டத் தொடங்கினார். எத்திராசு கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார். தேசம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மாசித் திருவிழாவில் மணி முழங்கியது. பாட்டுச் சீட்டில் எத்திராசுவின் பேரை வரதனே படித்தார்.

அடுத்த நாள் கிழவர்கள் இரண்டு பேரும் அடம்பிடித்து மஸ்தான் படகில் ஏறினார்கள். பூநாரை நீந்துவதைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டுமாம். முதல் கூட்டத்தைக் கண்டதும் நீந்துகிறது என்றார் எத்திராசு, நிற்கிறது என்றார் வரதன். சண்டை முற்றியது. தேசம்மா கழியை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.